கரியும் கதிரும் காணியும்

(திருகோணமலையில் நடந்த கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



வளர்ச்சி வேண்டாமென்று வாதிட நான் இங்கு வரவில்லை. மின்சாரமின்றி இந்நாடு பட்ட பாட்டை 2022இல் நாம் அனைவரும் கண்டோம். அவ்வாண்டு மார்ச்சு மாத முடிவில் நாளொன்றுக்கு 13 மணி நேர மின்வெட்டை அறிவித்தார்கள். ஆகவே, மின்னாலை வேண்டுமென்போர் நம் பகைவர் அல்லர். ஆனால், அதன் விலை என்ன, அவ்விலையைச் செலுத்துவோர் யார் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டா, இல்லையா?

கொட்டியாரக் குடாவின் தென்கரையிலே இருக்கிறது சம்பூர். 2006 ஏப்ரலில் அங்கே குண்டுகள் விழுந்தன. சம்பூர், கூனித்தீவு, கடற்கரைச்சேனை மக்கள் உடுத்த துணியோடு ஓடினர். அவர்கள் அகதி முகாமில் கஞ்சிக்கு வரிசையில் நின்ற அதே ஆண்டின் டிசம்பரிலே, கொழும்பில் ஓர் உடன்படிக்கை ஒப்பமாயிற்று. இலங்கை மின்சார சபையும் இந்தியாவின் தேசிய அனல்மின் கழகமும் சேர்ந்து 500 மெகாவாட் நிலக்கரி மின்னாலையை அமைப்பது என்பதே அது. 2007 மே மாதத்தில் அப்பகுதி உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. வீட்டுக்காரன் வெளியே நிற்கையில் வளவை அளந்து விலை பேசுவதை ஊரிலே என்னவென்று சொல்வார்கள்? அந்தச் சொல்லை மேடையில் சொல்ல நான் விரும்பவில்லை.

நிலக்கரி எத்தகையது என்பதை நாம் அறியாதவர்கள் அல்லர். மேற்குக் கரையில் நுரைச்சோலை ஆலை 2011 முதல் இயங்குகிறது. தென்மேற்குக் காற்று எழுந்தால் கரித்தூளும் சாம்பலும் தோட்டத்தில் விழுகின்றன என்பது அவ்வூராரின் நெடுநாள் முறைப்பாடு. அது திறந்த கடல். கொட்டியாரமோ நிலம் மூன்று பக்கமும் அணைத்த குடா. மகாவலி கங்கையின் நீர் வந்து கலக்கும் இடம். அங்கே ஆண்டுதோறும் பத்து இலட்சம் தொன்னுக்கு மேல் கரியை எரித்து, சூடேறிய நீரைக் கடலில் விட்டால், மூதூர், கிண்ணியா மீனவர் வலைக்கு எது மிஞ்சும்? சுற்றாடல் அன்பர்கள் நீதிமன்றம் சென்றனர். 2016 செப்டம்பரில், சம்பூரில் அனலாலை அமையாது என்று அரசு உயர் நீதிமன்றத்திலேயே தெரிவித்தது. 2015இலும் 2016இலும் மக்கள் பகுதி பகுதியாகத் தம் ஊருக்கு மீண்டார்கள்.

கரி போயிற்று; கதை முடிந்தது என்றே பலர் எண்ணினோம். முடியவில்லை.

2025 ஏப்ரல் 5ஆம் நாள், இந்தியப் பிரதமரும் இலங்கைச் சனாதிபதியும் சம்பூர்ச் சூரிய மின்னாலைக்கு அடிக்கல் நாட்டினர். இரு கட்டங்களாக 120 மெகாவாட். அனலாலைக்கென அன்று ஒதுக்கிய அதே நிலம்! சூரியன் புகை கக்குவதில்லை, குடாவைக் கெடுப்பதில்லை. நான் அதை வரவேற்கிறேன். ஆனால் கதிரொளியைப் பிடிக்கத் தட்டு வேண்டும். தட்டை நிறுத்தத் தரை வேண்டும். ஒரு மெகாவாட்டுக்கு ஏறத்தாழ நான்கு ஏக்கர். அத்தரை யாருடையது? அதே 2025இல் முத்துநகர்க் கமக்காரர் வீதிக்கு வந்தது கரிக்கு எதிராக அன்று, கதிருக்கு எதிராக! தாம் உழுது விதைத்த வயலைச் சூரியத் திட்டத்துக்கென எடுத்தார்கள் என்றே அவர்கள் அழுதார்கள். நிலம் தனது என்கிறது துறைமுக அதிகார சபை. சட்டத்தின் ஏட்டில் அது சரியாயிருக்கலாம். பயிர் செய்த கைக்கு அந்த ஏடு விடை சொல்லவில்லையே!

கரியானால் குடாவைக் கேட்கிறது. கதிரானால் வயலைக் கேட்கிறது. இரண்டிலும் கேட்கப்படாதவன் ஒருவனே. தூய்மையான மின்சாரம் என்ற பெயர், தூய்மையற்ற காணிப் பறிப்புக்குப் போர்வையாகலாமா?

வழியில்லையா? உண்டு. நெற்களஞ்சியம், பாடசாலை, ஆலை ஆகியவற்றின் கூரைகள் வெறுமனே வெயிலில் காய்கின்றன. முதலில் அவற்றில் தட்டுகளை ஏற்றட்டும். பின்னர் பயிர் ஏறாத தரைக்குப் போகட்டும். தனியார் காணி தவிர்க்க முடியாததாயின், பறிக்காமல் குத்தகைக்கு எடுத்து ஆண்டுதோறும் பணம் கொடுக்கட்டும். தட்டுகளின் ஆயுள் இருபத்தைந்து ஆண்டே; அதற்காகத் தலைமுறை தலைமுறையான காணியை ஏன் இழக்க வேண்டும்? தட்டுகளுக்கிடையே ஆடு மேய்வதற்கும் தடையில்லை.

தேசிய சுற்றாடற் சட்டத்தின்படி, பெருந்திட்டமொன்றின் தாக்க மதிப்பீட்டு அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வந்தால், கருத்துரைக்க 30 நாள் தவணை உண்டு. இந்த மண்டபத்தில் பொறியியலாளர் இருக்கிறீர்கள், சட்டத்தரணிகள் இருக்கிறீர்கள். அந்த முப்பது நாளில் கமக்காரனின் சொல்லை எழுத்தாக்கிக் கொடுப்பது உங்கள் கடன். கமக்கார நண்பர்களே, உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. உறுதி, அனுமதிப்பத்திரம், வரிப்பற்றுச்சீட்டு, பழைய நில அளவைப் படம், எது கையில் இருந்தாலும் அடுத்த கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள். ஓடிய ஓட்டத்தில் யாவும் தொலைந்துவிட்டன என்றால், அதையும் வந்து சொல்லுங்கள். வேலியடுத்த காணிக்காரரையும் கூட்டி வாருங்கள். அவர் சாட்சியை எழுதிக்கொள்ள வாயிலருகே இரண்டு மேசைகள் போட்டிருப்போம்.