பழம்பாட்டும் புதுக்கல்லும்
(திருக்குடமுழுக்கினை முன்னிட்டு நடைபெற்ற அன்பர் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



வழிபாட்டின் நிறைவில் ஓதுவாமூர்த்திகள் கந்தபுராண வாழ்த்தினை ஓதக் கேட்கின்றோம். மழை தவறாது பெய்ய வேண்டும், மன்னன் முறையோடு ஆள வேண்டும், உயிர்கள் குறைவின்றி வாழ வேண்டும் என்பது கச்சியப்ப சிவாசாரியாரின் விண்ணப்பம். “1950-இல் நாடு குடியரசாயிற்றே, மன்னன் இல்லாத நாட்டில் மன்னனைப் பாடுவது எதற்கு? அச்சொல்லை மாற்றினால் என்ன?” என்று இளைஞர் சிலர் வினவுகின்றனர்.

வினா நன்று. ஆயினும், அருளாளர் பாடிய பாட்டைத் திருத்த நமக்கு உரிமை இல்லை. திருத்தத் தேவையும் இல்லை. குடிகளே மன்னராகிய இந்நாளில், முறை தவறாது ஆளும் கடமை நம் ஒவ்வொருவருக்கும் உரியதாயிற்று. அன்று அரசன் ஒருவனுக்காக வேண்டிய பாட்டு, இன்று நமக்காக வேண்டுகிறது. சொல் நின்றது, பொருள் விரிந்தது.

கல்வெட்டின் நிலை வேறு. பழங்கல் முன்னோர் வாக்கு; அதில் ஓர் எழுத்தையும் சிதைத்தல் ஆகாது. ஆனால் இத்திருக்கோயிலில் நாட்டவிருக்கும் உபயதாரர் கல், நம்முடைய வாக்கு. அதற்கென எழுதிய படியினைக் கண்டேன். ஆடவர் பெயர்கள் சாதிப் பட்டங்களோடு நிற்கின்றன. தாய்மார்களோ, “இன்னாருடைய மனைவியார்” என்ற அளவில் நின்றுவிட்டனர். இதுவே மரபு என்பர் சிலர்.

எது மரபு? தஞ்சைப் பெரிய கோயில் 1010-இல் நிறைவுற்றது. அதனை எடுப்பித்த இராசராச சோழன், தான் கொடுத்தவற்றோடு தன் தமக்கையார் குந்தவையாரும் தேவியரும் கொடுத்தவற்றையும் கல்லில் வெட்டுவித்தான். தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயரையும், அவரவர் குடியிருந்த வீட்டையும் பொறிக்கச் செய்தான். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே கல்லில் ஏறிய பெண்ணின் பெயரை இன்று விட்டுவிடுவது மரபன்று, மறதி.

பட்டங்கள் பழங்கல்லிலும் உண்டு, மறுக்கவில்லை. எனினும், 1939-இல் மதுரை மீனாட்சியம்மன் திருக்கோயில் ஒடுக்கப்பட்ட மக்களுக்கும் திறந்தது. வாயிலை விட்டு நீங்கிய வேற்றுமை, கல்லில் ஏறி அமரலாமா?

ஆதலின் திருப்பணிக் குழுவினரைப் பணிந்து வேண்டுகின்றேன். பட்டங்களை நீக்குங்கள். ஒவ்வொரு தாயாரிடமும் பெயர் கேட்டு எழுதுங்கள். உளி படுமுன் திருத்துதல் எளிது, பட்டபின் அரிது. சிறுவாடு சேர்த்த காசைத் திருப்பணிக்கு ஈந்தவர் யார் என்பதை இறைவன் அறிவான். பின்வரும் தலைமுறையும் அறியட்டும்.

திருவருள் முன்னிற்க.