பல ஆண்டுகள் மறைந்திருக்கும் கிருமி



"மாதவிடாய் நின்று பத்து வருடமாகிறது. கணவரும் காலமாகிவிட்டார். எனக்கு எதற்குக் கருப்பை வாய்ப் பரிசோதனை?" என்று அம்மாமார்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். அதற்கான பதில் எச்பிவி கிருமியின் குணத்தில் இருக்கிறது.

எச்பிவி, அதாவது மனிதப் பாப்பிலோமா கிருமியில் 200க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. சில வகைகள் கை கால்களில் மருவை மட்டும் உண்டாக்கும். சில வகைகள் புற்றுநோய்வரை கொண்டுபோகும். கருப்பை வாய்ப் புற்றுநோயில் சுமார் 70 விழுக்காட்டுக்கு 16, 18 என்ற இரண்டு வகைகளே காரணம்.

இந்த ஆபத்தான வகைகள் பெரும்பாலும் உடலுறவின்போது தோலோடு தோல் படுவதால் பரவுகின்றன. கண்ணுக்குத் தெரியாத சிறு கீறல் வழியாகக் கிருமி தோலின் அடி அடுக்கில் நுழைகிறது. காய்ச்சல் இராது, வலியும் இராது. குடும்ப வாழ்க்கை நடத்திய பெரும்பாலோருக்கு இது ஒருமுறையாவது வந்து போயிருக்கும். ஆகவே கிருமி இருப்பதாகத் தெரிந்தால் வெட்கப்பட வேண்டாம். கணவரையோ மனைவியையோ சந்தேகிக்கவும் வேண்டாம். அது எப்போது, எப்படி வந்தது என்பதைப் பரிசோதனை சொல்லாது.

பத்தில் ஒன்பது பேருக்கு உடலின் எதிர்ப்பு சக்தியே இரண்டு ஆண்டுகளுக்குள் கிருமியை அடக்கிவிடும். சிலருக்கு மட்டும் அது தங்கிவிடுகிறது. செல்கள் அளவுக்கு மீறிப் பெருகாமல் தடுக்கும் காவலை அது செயலிழக்கச் செய்கிறது. அந்தச் செல்கள் மெல்ல மாறிப் புற்றுநோயாக, பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். 40 வயதில் தொற்றியது 60 வயதில் தலைகாட்டலாம். மாதவிடாய் நின்றபின்னும் பரிசோதனை தேவைப்படுவது இதனால்தான்.

இந்த நீண்ட காலம் நமக்குச் சாதகமும்கூட. புற்றுநோயாகும் முன்பே மாறிய செல்களைக் கண்டுபிடித்து அகற்றிவிடலாம். சிங்கப்பூரில் 30 முதல் 69 வயது வரையிலான பெண்கள் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை எச்பிவி பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். பலதுறை மருந்தகத்திலோ உங்கள் குடும்ப மருத்துவரிடமோ செய்துகொள்ளலாம். சில நிமிடங்களே ஆகும். கூச்சமாக இருந்தால் பெண் மருத்துவர் வேண்டுமென்று கேளுங்கள். 69 வயதைக் கடந்தும் ஒருமுறைகூடப் பரிசோதிக்காதவர்களும், கருப்பை அகற்றப்பட்டவர்களும் மருத்துவரிடம் ஆலோசனை கேளுங்கள்.

மாதவிடாய் நின்றபின் சிறிது இரத்தம் பட்டாலும், உறவுக்குப்பின் இரத்தம் கசிந்தாலும் அடுத்த பரிசோதனைவரை காத்திருக்காமல் உடனே மருத்துவரைப் பாருங்கள்.

ஐயாமார்களே, ஆண்களுக்கும் இக்கிருமியால் தொண்டை, ஆசனவாய், ஆணுறுப்புப் புற்றுநோய் வரலாம். ஆறாத புண்ணோ கழுத்தில் கட்டியோ இருந்தால் அலட்சியம் வேண்டாம்.

பேத்திமார்களுக்குத் தடுப்பூசி உண்டு. 2019 முதல் உயர்நிலை ஒன்றில் படிக்கும் மாணவியருக்குப் பள்ளியிலேயே போடப்படுகிறது. கிருமி தொற்றும் முன் போட்டால்தான் முழுப் பலன். ஒப்புதல் படிவம் வீட்டுக்கு வரும்போது, "போட்டுக்கொள் கண்ணு" என்று பாட்டி சொல்லும் ஒரு வார்த்தைக்கு மதிப்பு அதிகம்.

அதைச் சொல்லும் பாட்டியும் தம் பரிசோதனைக்கு இந்த வாரமே நாள் குறித்துவிடுங்கள்.