இழுத்துட்டா போதுமா, நிற்க வேண்டாமா?



வீடு கட்டுற இடத்துக்கு எம்-சாண்ட் வேணும். டிராக்டர் வந்து நிற்குது. "இன்னொரு நடை எதுக்கு? இதுலயே ஏத்திடலாம்" என்று யாராவது சொல்வார்கள். டிராக்டரும் இழுத்துவிடும். ஆனால் இழுப்பது வேறு, நிற்பது வேறு. பல டிரெய்லர்களில் தனி பிரேக் கிடையாது. அந்த எடை முழுவதையும் டிராக்டரின் பிரேக்தான் நிறுத்த வேண்டும். இறக்கத்தில் அது முடியாமல் போனால், பெட்டி பின்னாலிருந்து டிராக்டரையே தள்ளும்.

அப்போ எவ்வளவு ஏத்தலாம்? பதில் உங்க போன்லயே இருக்கு. டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் தனித்தனிப் பதிவு உண்டு. டிரெய்லரின் ஆர்.சி.யை டிஜிலாக்கர் அல்லது எம்-பரிவாகன் செயலியில் திறந்து பாருங்க. சுமையோடு சேர்த்து அனுமதித்த மொத்த எடையிலிருந்து காலி எடையைக் கழியுங்க. மிச்சம்தான் நீங்கள் ஏற்றலாம்.

ஓர் உதாரணம். மொத்த எடை 5,000 கிலோ, காலி எடை 1,500 கிலோ என்றால், ஏற்றக்கூடியது 3,500 கிலோ. ஒரு யூனிட், அதாவது 100 கன அடி எம்-சாண்ட், சுமார் 4,500 கிலோ வரும். நனைந்திருந்தால் இன்னும் கூடும். "ஒரு யூனிட்தானே" என்று ஏற்றினால் ஒரு டன் அதிகம்!

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 194-இன்படி, அதிகச் சுமைக்கு அபராதம் 20,000 ரூபாய். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். இந்த உதாரணத்தில் 22,000 ரூபாய். கூடுதல் சுமையை இறக்கும் வரை வண்டி நகரக் கூடாது; இறக்கும் செலவும் நம்முடையதுதான். எடை போட மறுத்தால் 40,000 ரூபாய்.

இன்னும் இரண்டு விஷயம். டிராக்டர் எவ்வளவு இழுக்கலாம் என்பதைக் கம்பெனி கொடுத்த கையேட்டில் பாருங்க. இரண்டு எடையில் எது குறைவோ, அதுதான் உங்கள் எல்லை. அடுத்து, சுமையைப் பரப்பி ஏற்றுங்க. கொக்கி மேல் அதிக எடை இறங்கினால் டிராக்டரின் முன்சக்கரம் தூக்கும், ஸ்டீயரிங் கேட்காது. பெட்டியின் பின்பக்கம் எடை கூடினால் கொக்கி மேலே தூக்கும். டிராக்டரின் பின்சக்கரம் பிடிமானம் இழக்கும்.

சந்தேகமா இருந்தா, போற வழியில எடை மேடையில் ஏத்திப் பாருங்க. சுமை மேல ஆள் உட்கார வேண்டவே வேண்டாம்.

இன்னொரு நடைக்கு ஆகிற டீசல் செலவு கொஞ்சம்தான். ஓட்டுறவர் பத்திரமா வீடு திரும்பணும், இல்லையா?