ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு சொல்

இந்த ஆண்டு விழாவில் மொழியைப் பற்றிச் சில சொல்லுமாறு சங்கத்தார் பணித்தார்கள். பெரிய காப்பியம் எதையும் நாம் எடுத்துக்கொள்ளவில்லை. ஆங்கிலத்தில் மூன்றே எழுத்துக்களால் ஆன ஒரு சிறு சொல்லை எடுத்துக்கொண்டோம். 'ரன்' என்பதே அச்சொல். தமிழ்ச் சங்கத்தில் ஆங்கிலச் சொல்லுக்கு என்ன வேலை என்று வியக்க வேண்டா. காரணம் நம் குடியிருப்பிலேயே இருக்கிறது.

சென்ற குளிர்காலத்தில் இங்குள்ள ஒரு வீட்டிற்கு ஊரிலிருந்து பாட்டியார் ஒருவர் வந்திருந்தார். ஏழு வயதுப் பேத்தி பள்ளியிலிருந்து வந்ததும், "பாட்டி, என் மூக்கு ஓடுகிறது" என்றாள். "மூக்கு எங்கேயடி ஓடும்? முகத்திலேதானே இருக்கிறது!" என்றார் பாட்டியார். வீட்டார் எல்லாரும் சிரித்தார்கள், குழந்தை சிரிக்கவில்லை. தான் சொன்னதில் பிழை யாதென்று அவளுக்கு விளங்கவில்லை. அன்று மாலை முழுவதும் அவள் ஆங்கிலத்திலேயே பேசினாள். பாட்டியார் பேசாமல் அமர்ந்திருந்தார். இதைக் கேட்ட நமக்கும் முதலில் சிரிப்பு வந்தது; பிறகு வரவில்லை.

குழந்தையைக் குறை கூறுவதற்கில்லை. 'ரன்' என்ற சொல் அத்தகையது. ஆக்ஸ்போர்டு பேரகராதியின் முதற் பதிப்பு 1928இல் நிறைவெய்தியது. இருபது தொகுதிகளாக 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் மிக நீண்ட இடத்தைப் பெற்றிருந்தது 'செட்' என்னும் சொல். பின்னர் அகராதியைத் திருத்தியவர்கள் 'ரன்' என்ற வினைச்சொல்லுக்கு மட்டும் 645 பொருள்களைக் கண்டார்கள் என்று 2011இல் செய்தி வந்தது. மூன்றெழுத்துச் சொல்லுக்கு இத்தனை பொருள்!

இவை எங்கிருந்து வந்தன? இச்சொல்லுக்கு உறவான 'ரின்னன்' என்னும் ஜெர்மானியச் சொல் இன்றும் நீர் வழிவதையே குறிக்கிறது. காலும் நீரும் ஓடியதைக் குறித்த சொல்லை, ஆங்கிலேயர் பிறகு இயந்திரத்திற்கும் தொழிற்சாலைக்கும் இரயிலுக்கும் கடைக்கும் கணிப்பொறிக்கும் கொண்டுசென்றார்கள். புதிய தொழில் பிறந்தபோதெல்லாம் பழைய சொல்லையே அழைத்து அதற்கும் ஒரு வேலை கொடுத்தார்கள். வேலை மிகுந்தது, பொருளும் மிகுந்தது. இதுவே அதன் இரகசியம்.

மற்றொரு காரணமும் உண்டு. வண்டி தானே ஓடினாலும், ஒருவர் அதை ஓட்டினாலும் ஆங்கிலத்தில் அதே சொல் வரலாம். தமிழோ 'ஓடு' என்றும் 'ஓட்டு' என்றும் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஆங்கிலம் ஒரே ஆளிடம் பல வேலைகளைத் தருகிறது. தமிழ் பல ஆட்களிடம் வேலையைப் பங்கிட்டுத் தருகிறது. இதில் ஏழைமையும் இல்லை, செல்வமும் இல்லை. இல்லம் நடத்தும் முறையே வேறு.

சற்றே பார்ப்போம். ஆங்கிலத்தில் 'ரன்' என்று வருமிடத்தில் நமக்கு மூக்கு ஒழுகும், துணியின் சாயம் போகும், சாலை செல்லும், சரக்குத் தீர்ந்துபோகும், நிறுவனத்தை ஒருவர் நடத்துவார். தேர்தலிலோ அமெரிக்கர் 'ஓடுகிறார்'. நம்மவர் 'நிற்கிறார்', இங்கிலாந்திலும் 'நிற்கிறார்' என்றே சொல்கிறார்கள்.

நம் 'ஓடு' மட்டும் சும்மா இருக்கிறதா? ஆறு ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது, திரைப்படம் நூறு நாள் ஓடுகிறது, காலம் ஓடுகிறது. விருந்தினர் திடீரென்று வந்து நின்றால் நமக்குக் கையும் ஓடுவதில்லை, காலும் ஓடுவதில்லை!

நாம் வாழும் இந்த ஊரின் மொழியையும் கேளுங்கள். இந்தியில் 'சல்னா' என்ற சொல் ஒன்று போதும்: மனிதன் நடப்பதும், வண்டி ஓடுவதும், விசிறி சுற்றுவதும், கடை நடப்பதும் அதற்குள் அடங்கும். ஆகவே நம் குழந்தைகளின் நாவில் விசிறி 'நடக்கிறது' என்றால் அது அறியாமை அன்று. மூன்று மொழிகளுக்கு நடுவே நின்று அவர்கள் வழி தேடுகிறார்கள்.

ஒரு சொல்லுக்குப் பல பொருளும், ஒரு பொருளுக்குப் பல சொல்லும் இருப்பதை நம் முன்னோர் நெடுங்காலத்திற்கு முன்பே ஆராய்ந்தார்கள். தொல்காப்பியம் பலபொருள் ஒருசொல்லுக்கு இலக்கணம் கூறுகிறது. மண்டல புருடர் இயற்றிய சூடாமணி நிகண்டின் பன்னிரண்டு தொகுதிகளுள் பதினோராவது, ஒரு சொல் பல்பொருட் பெயர்த் தொகுதி. 'மா' பூத்தது என்றால் மரம். 'மா' ஓடிற்று என்றால் குதிரை. அடுத்து வரும் வினையே பொருளைக் காட்டிவிடுகிறது.

நிகண்டு ஏட்டில் இருக்கும். சொல் நாவில்தான் இருக்க முடியும். ஒழுகுதல், வழிதல், வடிதல், கசிதல், சொட்டுதல், பாய்தல் என்று நீரின் அசைவுக்கு மட்டும் நம் பாட்டிமார் எத்தனை சொற்களை ஆள்கிறார்கள்! நம் வீட்டிலோ தமிழுக்கு எஞ்சியுள்ள வேலை என்ன? 'சாப்பிட வா', 'தூங்கப் போ' என்ற அளவே. பள்ளி, அலுவலகம், கணக்கு, விளையாட்டு எல்லாவற்றையும் பிற மொழிகளுக்கு ஒப்படைத்துவிட்டோம். வேலை பெற்ற ஆங்கிலச் சொல் 645 பொருளாக விரிந்தது. வேலை பெறாத தமிழ்ச் சொல் இருக்கும் பொருளையும் இழக்கும். குற்றம் குழந்தைகளுடையது அன்று, நம்முடையது.

ஆகவே ஒரு சிறு வேண்டுகோள். வாரம் ஒரு நாள், உணவு வேளையில், ஓர் ஆங்கிலச் சொல்லைக் குழந்தைகள் தேர்ந்தெடுக்கட்டும். அது வரும் இடந்தோறும் தமிழில் என்ன சொல்வது என்று பெரியவர்கள் கூறட்டும். குழந்தைகளே அதை ஒரு குறிப்பேட்டில் எழுதட்டும். விடை தெரியாவிட்டால் ஊரிலுள்ள தாத்தா பாட்டியைத் தொலைபேசியில் கேட்கலாம். பேசுவதற்கு அவர்களுக்கும் ஒரு பொருள் கிடைக்கும். ஒன்றுமட்டும் வேண்டா: குழந்தை தவறாகச் சொன்னால் சிரிக்க வேண்டா. சிரிப்புக்கு அஞ்சிய நாவு அடுத்த முறை தமிழைத் தேடாது.

அந்தப் பாட்டியார் கோடைக்கு மீண்டும் வருவதாகக் கேள்விப்படுகிறோம். அவருக்கும் பேத்திக்கும் இடையே இம்முறை மாலைப்பொழுது மௌனமாய்ப் போகாமல் இருக்கட்டும். அது அவ்வீட்டார் கையில் மட்டும் இல்லை. நம் எல்லார் கையிலும் இருக்கிறது.