மையத்துக்கு வெளியே



வைத்தியர் பேச வந்தால் நீரிழிவைப் பற்றித்தான் பேசுவார் என்று பயந்திருப்பீர்கள். பயப்படவேண்டாம். இன்று நான் ஒரு சொல்லைப் பற்றியே பேசப்போகிறேன். அது ‘எக்சென்ரிக்’ என்ற ஆங்கிலச் சொல்.

கிரேக்க மூலத்தில் அதன் பொருள் ‘மையத்துக்கு வெளியே’ என்பதுதான். பூமியை நடுவில் கொள்ளாத வட்டத்தைப் பழைய வானியலாளர் அப்படி அழைத்தார்கள். ஊர்வழக்கிலிருந்து விலகி நடக்கும் மனிதரை அது குறித்தது பிற்காலத்தில்தான். இதய வால்வினூடாக ஒரு பக்கம் சாய்ந்து கசியும் இரத்தத்தையும் நாங்கள் இச்சொல்லால் குறிப்பதுண்டு.

ஆங்கில இலக்கியத்தில் இத்தகையோருக்குத் தனி இடமுண்டு. 1849-50இல் டிக்கன்ஸ் எழுதிய ‘டேவிட் கொப்பர்பீல்ட்’ நாவலில் மிஸ்டர் டிக் என்றொருவர் வருகிறார். அவர் எதை எழுதத் தொடங்கினாலும் முதலாம் சார்ள்ஸ் மன்னனின் வெட்டுண்ட தலை அதற்குள் வந்துவிடும். எழுதிய தாள்களைப் பட்டமாக ஒட்டிப் பறக்கவிடுவார். சொந்தச் சகோதரனே அவரை மனநோயாளர் விடுதிக்கு அனுப்பிவிட்டான். டேவிட்டின் பெரிய அத்தை பெற்சி அவரைத் தன் வீட்டில் வைத்துக்கொள்கிறாள். அழுக்கோடு வந்து நிற்கும் அநாதைச் சிறுவனை என்ன செய்வது என்று அவரிடமே கேட்கிறாள். குளிப்பாட்டுங்கள் என்கிறார் அவர். அதைவிட நல்ல யோசனை வேறென்ன?

நாங்கள் இத்தகையோரை எப்படி அழைக்கிறோம்? விசர், வட்டு. ‘எக்சென்ரிக்’ என்ற சொல் ஒருவர் நிற்கும் இடத்தைச் சொல்கிறது. எங்கள் சொற்களோ கதவைச் சாத்திவிடுகின்றன.

என் வகுப்பில் ஒருத்தி இருந்தாள். இடைவேளையில் வேப்பமரத்தடியில் குந்தியிருந்து எறும்புகளை எண்ணிக் கொப்பியில் எழுதுவாள். ‘விசரி’ என்று அவளுக்கு முதலில் பெயர் வைத்தவள் நான்தான். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த தவணைக்கு அவள் வரவில்லை. ஏன் என்று நான் விசாரிக்கவுமில்லை.

இன்று தாய்மார் பிள்ளைகளைக் கூட்டிவந்து, “டொக்டர், இவளுக்கு விசரே?” என்று மெதுவாகக் கேட்கும்போது அந்தக் கொப்பிதான் நினைவுக்கு வருகிறது. சிலருக்கு உண்மையில் வைத்தியம் தேவை. சிலருக்குத் தேவை ஒரு பெற்சி அத்தை மட்டுமே. இரண்டையும் பிரித்தறிய, முதலில் அந்தப் பிள்ளையிடம் பேசவேண்டும்.

தோழி, நீ எங்கிருந்தாலும் என்னை மன்னித்துக்கொள். ஆசிரியர்களே, இன்றும் அந்த வேப்பமரத்தடியில் ஒருத்தி தனியே இருக்கக்கூடும். என்ன எண்ணுகிறாய் என்று அவளிடம் கேட்டுப்பாருங்கள்.