நின்றால் கொதிக்கும் வண்டி

மருத்துவர் நாடி பார்த்து நோயை அறிகிறார். இயந்திரத்தின் நோயை அறிவதற்கும் ஒரு முறை உண்டு. அதனை எனக்குக் கற்பித்தவர் ஓர் இளம் ஓட்டுநர்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய ஆண்டு, மாணவர் அறுவரை அறிவியற் கண்காட்சிக்கு வாடகை வேன் ஒன்றில் அழைத்துச் சென்றேன். வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டி நின்றது, இயந்திரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. சிறிது நேரத்தில் வெப்பங்காட்டும் முள் மேலேறிற்று. கேட் திறந்து வண்டி விரைந்ததும் முள் தானே இறங்கிற்று. நகர எல்லையில், நெரிசலில் நின்றபோது மறுபடியும் ஏறிற்று. ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டி இயந்திரத்தை நிறுத்தினார்.

நேரமோ போய்க்கொண்டிருந்தது. தண்ணீர்தான் குறைந்திருக்கும் என்று நானே முடிவு செய்து, ரேடியேட்டர் மூடியைத் திருகப் போனேன். "ஐயா, கையை எடுங்கள்!" என்று கூவி, அவர் என் மணிக்கட்டைப் பற்றி இழுத்துவிட்டார்.

மாணவர் முன்னிலையில் எனக்குச் சினம் மூண்டது. அடுத்த கணமே நாணமுற்றேன். அழுத்தம் மிகுந்தால் நீரின் கொதிநிலை உயரும் என்று முப்பது ஆண்டுகள் கரும்பலகையில் எழுதியவன் நான். இறுக மூடிய ரேடியேட்டரில் நீர் 100 பாகை செல்சியஸைக் கடந்தும் கொதியாதிருக்கும். மூடியைத் திறந்தால் அழுத்தம் நீங்கும். நீர் அக்கணமே கொதித்து, ஆவியும் வெந்நீருமாக முகத்திலே பீறிடும். பாடம் என் நாவில் இருந்தது. கைக்கு வந்து சேரவில்லை.

"தண்ணீர் மிகக் குறைந்திருந்தால் ஓடும்போதும் சூடு ஏறியிருக்குமே, ஐயா?" என்றார் அவர். "ஓடும்போது எதிர்காற்று ரேடியேட்டரைக் குளிர்விக்கிறது. நிற்கும்போது காற்றை இழுத்துத் தருவது விசிறிதான். அது சுழலும் ஓசையே இன்று கேட்கவில்லை."

இயந்திரம் ஆறும்வரை காத்திருந்தோம். மின்விசிறி எதிர்பாராமல் சுழலக்கூடும் என்பதால், பேட்டரியின் இணைப்பைக் கழற்றிய பின்னரே அவர் விசிறியைத் தொட்டார். அது அசையவில்லை. அச்சில் ஒரு பிளாஸ்டிக் பை சுற்றி இறுகியிருந்தது. அதற்குரிய ஃபியூஸும் எரிந்திருந்தது.

"புதிய ஃபியூஸ் போட்டால் ஆயிற்று அல்லவா, தம்பி?" என்றேன்.

"பையை அறுத்தெடுக்காமல் போட்டால் அதுவும் எரியும், ஐயா. சுழல முடியாத மோட்டார் மின்சாரத்தை மிகுதியாக இழுக்கும்" என்றார். பையை அகற்றினார், ஃபியூஸை மாற்றினார். ஆறிய ரேடியேட்டரைத் திறந்து பார்த்தால், தண்ணீர் சரியாகவே இருந்தது! இயந்திரத்தை ஓடவிட்டோம். முள் சற்று ஏறியதும் விசிறி சுழன்றது, முள் நின்றது.

நடுவர்கள் பார்வையிட்டுச் சென்ற பின்னரே கண்காட்சியை அடைந்தோம். மாணவர்களின் முகம் வாடிற்று. ஆயினும், என் முகம் வெந்துபோகாமல் இருந்ததே!

இளைஞர்களே, எல்லா வெப்பத்திற்கும் விசிறியே காரணம் என்று எண்ணிவிடாதீர்கள். விரைந்து ஓடும்போதும் சூடு ஏறினால், அடைபட்ட ரேடியேட்டர், திறவாத தெர்மோஸ்டாட், குறைந்த தண்ணீர் ஆகியவற்றை ஐயுற வேண்டும். பழைய வண்டிகளில் விசிறியைச் சுழற்றும் பெல்ட் தளர்ந்திருக்கலாம். ஆகவே, கோளாறு எப்போது தோன்றுகிறது, எப்போது மறைகிறது என்று முதலிற் கேளுங்கள். காரணம் ஒன்று கிட்டியதும், அதற்கும் காரணம் உண்டா என்று தேடுங்கள். அதுவரை மூடியின்மேல் கை வைக்காதீர்கள்.