செவி நரம்புக் கட்டி



கட்டி என்றதும் புற்றுநோய் என்று நடுங்குவது நம்மவர் வழக்கம். எல்லாக் கட்டியும் புற்றன்று. உட்செவியிலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்பின் உறையில் தோன்றும் கட்டியொன்று உண்டு. அது பிற உறுப்புகளுக்குப் பரவாது. பெரும்பாலும் மெல்ல வளரும். ஒரு காது மட்டும் மந்தமாதல், அக்காதில் இரைச்சல், நடையில் தள்ளாட்டம் என்பன அதன் அறிகுறிகள். வயதின் கோளாறு என்று நாம் வாளாவிருந்தால், அது பருத்து மூளைத்தண்டை நெருக்கி உயிருக்கே இடராகலாம்.

சுவீடன் நாட்டு லார்ஸ் லெக்செல் என்னும் சத்திரவைத்தியர் அமைத்த 'காமாக் கத்தி' 1968இல் பயனுக்கு வந்தது. 1969இல் இக்கட்டிக்கும் கையாளப்பட்டது. பெயர் கத்தியாயினும் அதில் அலகு இல்லை. ஏறக்குறைய 200 நுண்ணிய கதிர்கள் கட்டியில் குவிகின்றன. அவை கட்டியை அகற்றுவதில்லை, வளர்ச்சியையே தடுக்கின்றன. பத்தில் ஒன்பது பேருக்கு இது பலிக்கிறது. பலியாத எஞ்சியோர் செய்வது யாது?

முதலாவது, அவசரப்படலாகாது. கதிர் பட்டபின் ஓரிரு ஆண்டுகள் கட்டி வீங்கித் தோன்றிப் பின் சுருங்குவதுண்டு. அதனைத் தோல்வி என முடிவுகட்டுதல் தவறு. ஆனால் எம்.ஆர்.ஐ. படங்களில் வளர்ச்சி தொடர்ந்து தெரிந்தாலோ, மூளைத்தண்டு நெருக்குண்டாலோ, பெரும்பாலும் சத்திரசிகிச்சையே வழி.

இரண்டாவது, அச்சிகிச்சை முன்னையதினும் கடினமாகலாம். செவி நரம்பை அடுத்தே முகத்தை அசைக்கும் நரம்பு செல்கிறது. கதிர் பட்ட கட்டி அதனோடு இறுக ஒட்டிக்கொள்வதுண்டு. ஒட்டிய பழைய ஏடுகளைக் கிழியாமற் பிரிப்பது போன்ற வேலை அது. முழுவதையும் அகற்ற முயன்றால் முகம் ஒருபுறம் கோணலாம். ஆகவே வைத்தியர் நரம்பின்மேல் மெல்லிய பகுதியை வேண்டுமென்றே விட்டுவைப்பதுண்டு. அது குறையன்று, விவேகம். பின்னர் ஆண்டுதோறும் கண்காணித்தல் வேண்டும்.

அயலில் இத்துறை வளர்ந்த வரலாறும் நமக்கு உரியதே. 1949இல் டாக்டர் யாக்கோபு சாண்டி வேலூரில் இந்தியாவின் முதல் நரம்புச் சத்திரசிகிச்சைப் பகுதியைத் தொடக்கினார். அவ்வைத்தியசாலையை நிறுவிய ஐடா ஸ்கடரின் பாட்டனாரான ஜோன் ஸ்கடர், நமது பண்டத்தரிப்பில் வைத்தியம் செய்தவர். மானிப்பாயிலோ, கிறீன் வைத்தியர் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார்.

நோயாளி கேட்க வேண்டிய வினாக்கள் மூன்று: உண்மையாகவே வளர்கிறதா? எவ்வளவை அகற்றுவீர்கள்? முக நரம்பு என்னாகும்? இவற்றைக் கேட்கத் தமிழ் போதும், துணிவே வேண்டும். கல்வி பெற்ற வாலிபராகிய நாம், வைத்தியசாலைக்குச் செல்லும் அயலவருடன் கூடச் சென்று அத்துணிவை ஊட்டுவோமாக.